மூன்றாவது பதில்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, மேடம். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், நல்ல பழக்கம். நடுவில் மேசை இருந்தால் ஆள் அதன் பின்னால் பதுங்கிக்கொள்வான். போலீஸில் நான் விசாரித்த காலத்தில் நானும் முதலில் மேசையைத்தான் தள்ளுவேன்.

விசாரணையில் இரண்டு ரகம் உண்டு. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது ஒன்று. காலையிலிருந்து நீங்கள் செய்வது அதுதான். செய்தவன் இவன்தான் என்று முடிவுகட்டிவிட்டு, அதை அவன் வாயாலேயே சொல்லவைப்பது இன்னொன்று. அதில் நானும் என் சகாவும் பேர்போனவர்கள். அவருக்குப் பட்டப்பெயர் 'இடி'. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார், வைக்கவும் வைப்பார். எனக்கு 'ஊசி'. வாழைப்பழத்தில் ஏற்றுகிற ஊசி. இடியிடம் ஒப்புக்கொண்டவர்கள் நீதிபதியைப் பார்த்ததும் மாற்றிப் பேசிவிடுவார்கள். என்னிடம் ஒப்புக்கொண்டவர்கள் மாற்றியதே இல்லை. அதில் எனக்குத் தலைக்கனம் வேறு. இன்று சொல்லவே நாக்கு கூசுகிறது.

குழாய் ரிப்பேர்க்காரன் விஷயத்துக்கு வருகிறேன். தனியாக இருந்த ஒரு அம்மாள் வீட்டில் குழாய் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று மாலை அந்த அம்மாள் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார். அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனவன் இவன். நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், தோளில் கை போட்டேன்.

"நீ கெட்டவன் இல்ல தம்பி. அந்தம்மா ஏதாவது சொல்லியிருப்பாங்க, உனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திருக்கும். சில பேருக்கு அந்த நேரத்துல நடந்தது மறந்தே போயிடும்" என்றேன்.

முதலில் இல்லை என்றான். அப்புறம் ஞாபகம் இல்லை என்றான். அப்புறம், இருக்கலாம் சார் என்றான். எதை வைத்து நெரித்தாய் என்று கேட்டேன். துண்டு என்றான். நன்றாக யோசித்துப் பார் என்றேன். கயிறு என்றான். துணி தேய்த்துக்கொண்டிருந்தாரே, பக்கத்தில் என்ன இருந்தது என்று எடுத்துக்கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி வயரா சார் என்று கேட்டுவிட்டு, விடை சரியா என்று வாத்தியாரைப் பார்க்கிற பையன்போல என் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகுதான் ரெக்கார்டரைப் போட்டேன். என் வழக்கமே அப்படி, ஒத்திகை முடிந்துதான் பதிவு. பதிவில் அவனுடைய முதல் பதிலே வயர்தான்.

கொன்றவனுக்கு வயர் என்பது முதலிலேயே தெரிந்திருக்கும், மேடம். இவனுக்குத் தெரியவில்லை. கொன்றது அந்த அம்மாளின் மருமகன் என்று நீங்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இவன் இல்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆயுள் தண்டனை ஆனபின் அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். திட்ட வரவில்லை.

"தான்தான் செஞ்சோம்னு அவரே நம்புறாரு சார். அப்பீலும் வேணாங்கிறாரு. நான் சொன்னா ஏறல. நீங்க சொன்னா கேப்பாரு. நீ செய்யலப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

சிறைக்குப் போனேன். சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்னைக் கண்டதும், பெற்ற அப்பாவைக் கண்டதுபோல அழுதான்.

"அந்தம்மா முகம் கனவுல வருது சார். நான் செஞ்சது பெரிய தப்புதானே?"

வாய்வரை வந்தது. சொன்னால் என் வேலை போகும், இந்த நாற்காலிக்கு அன்றே வரவேண்டியிருக்கும்.

"தப்புதாம்பா. ஒத்துக்கிட்டியே, அது போதும்" என்றேன்.

அவள் வாசலில் காத்திருந்தாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கமாட்டேன் என்கிறான் என்று சொன்னேன். நீங்களாவது போய்ச் சொன்னீங்களே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த வாரமே அவன் தூக்குப் போட்டுக்கொண்டான். அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் அவள் இன்றுவரை என்னை நல்ல மனுஷன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா, மேடம்?