மூலையில் விழுந்த முத்திரை

— "அம்மா, விலாசம் எழுதி அனுப்புனா தொலைக்காம வெச்சிருப்பியா?"ன்னு பொண்ணு கேட்டா. போன் நம்பரை மாத்துறதுக்கு முன்னாடி கடைசியா கேட்டது அதான். நானும் பெருமையா "வெச்சிருப்பேன்"னேன். வீட்ல கத்தரிக்கோலோட ஒருத்தர் உக்காந்திருக்கிறது மறந்துபோச்சு.

— லெட்டரைத்தான் உன் கையிலயே கொடுத்துட்டேனே.

— கொடுத்தீங்க. உறை எங்க?

— ஸ்டாம்பை வெட்டி எடுத்தா மிச்சம் குப்பைதானே? குப்பை வண்டி காலையிலயே வந்துட்டுப் போயிடுச்சு.

— நல்லது. விலாசத்தை உறைக்குப் பின்னாடிதான் எழுதியிருந்தாளாம். "அந்த இடத்துக்கு ரெண்டு பேரும் வாங்க, வரலேன்னா இனிமே எழுத மாட்டேன்"னு லெட்டர்ல இருக்கு.

— ரெண்டு பேருமா? என்னையுமா?

— உங்களையும்தான். கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து நின்னவளை வாசல்லயே திருப்பி அனுப்புன மகராசனை.

— பின்பக்கத்தை யாரு பார்த்தா? முன்னாடி ஸ்டாம்புல மலை இருந்துச்சு.

— ஆமாமா, மலை! அந்த ஸ்டாம்பாவது உசிரோட இருக்கா?

— தண்ணியில ஊறப்போட்டு, பசை போக்கி, காயவெச்சு ஆல்பத்துல ஏத்தியாச்சு. பனிமலை வரிசையில இது ஒண்ணுதான் பாக்கி. எத்தனை வருஷமா அந்தக் கட்டம் காலியா கிடந்துச்சு தெரியுமா?

— உலகத்து மலையெல்லாம் ஏறி முடிச்சாச்சு. மாடியில காயுற துணியை எடுத்துட்டு வரச் சொன்னா மட்டும் முட்டி வலி.

— கிண்டல் போதும். ஸ்டாம்பு மேல தபாலாபீஸ்ல குத்துன இந்த முத்திரையைப் பாரு. மலை மேல படாம மூலையில மட்டும் விழுந்திருக்கு. இப்படிக் கிடைக்கிறதே அபூர்வம்.

— அபூர்வம்தான். பாதி மலையை மறைச்சு முழுசா விழுந்திருந்தா, ஊர் பேராவது தெரிஞ்சிருக்கும்.

— லென்ஸை எடு... மூணு எழுத்து தெரியுது.

— அப்புறம் என்ன! மூணு எழுத்தையும் மலையையும் காட்டி, "இங்க எங்க பொண்ணு இருக்காளா"ன்னு ஊர் ஊரா விசாரிச்சுட்டு வாங்க.

— ...

— என்ன, லென்ஸை வெச்சுட்டு எழுந்துட்டீங்க? கோபமா?

— ...

— அந்த அலமாரியில என்ன குடையுறீங்க? மழைக்கோட்டு எதுக்கு? வெளிய வெயில் கொளுத்துது.

— ...

— ஷூ வேறயா? தெருமுனை தபாலாபீசுக்கே ஆட்டோ கேக்குற ஆளு! ஏங்க, எங்கன்னு சொல்லிட்டாவது போங்க... போயிட்டாரு. இந்தா, உசிரான ஆல்பத்தை விரிச்சபடியே போட்டுட்டு... ஐயோ, அந்தக் கட்டம் மறுபடியும் காலியா இருக்கே!