கைகாட்டியின் வலது கை

எனக்கு ரயில் பிடிக்காது சார். ஏறினால் தலை சுற்றும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் பைத்தியம் முற்றிப்போய் இப்படிச் செய்துவிட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். பைத்தியம் என் சந்தாதாரர்களுக்கு. நான் வெறும் கேமரா வைத்தவன்.

எங்கள் பால்கனிக்கு எதிரே தண்டவாளம் வளைந்து போகும். வளைவில் வண்டியின் முழு உடம்பும் தெரியும். அதற்காகவே ஏங்கிக் கிடக்கிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. மாதச் சந்தா கட்டி, ஆபீஸில் மேனேஜருக்குத் தெரியாமல் நேரலையில் பார்ப்பார்கள். வண்டி வராத நேரத்தில் வெறும் தண்டவாளத்தையும் பார்ப்பார்கள். ஒருமுறை தண்டவாளத்தைத் தாண்டிய நாய் என்ன வேகத்தில் போனது என்பதில் இருவருக்குத் தகராறாகி, இன்றுவரை பேச்சில்லை.

ஆரம்பத்தில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். தூக்கி நிறுத்தியது அப்பா. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வண்டி வந்தால் இடது கையைத் தூக்கி ஆட்டுவார். எல்லாமே அவருக்கு இடது கைதான். டிரைவர் பதிலுக்கு நீளமாக ஹார்ன் அடிப்பார். மற்றவர்கள் கேமராவில் வண்டி மட்டும் வரும். என்னுடையதில் வண்டியே வணக்கம் சொல்லும். ரசிகர்கள் அவருக்குப் பழைய சிக்னல் மரத்தின் பேரையே வைத்துவிட்டார்கள்: கைகாட்டி. அவர் உட்காராத நாளில் ஹார்ன் கிடையாது. சந்தாவை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டல் வரும். ஆகவே காய்ச்சல் என்று அவர் படுத்தாலும் எழுப்பி உட்கார வைப்பேன். காற்று பட்டால் உடம்புக்கு நல்லதுதானே.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவும் சந்தா கட்டித்தான் அப்பாவைப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் என்பதால் சலுகை கொடுத்தேன். "அப்பா இளைச்சிட்டாரேடா, சோறு போடுறியா இல்லையா?" என்று எல்லோரும் பார்க்க நேரலைக்குக் கீழேயே எழுதி மானத்தை வாங்கினாள். கேமரா கோணம் அப்படி என்று பதில் போட்டேன்.

அன்றைக்கு ஒரு பழைய டீசல் எஞ்சினின் கடைசி ஓட்டம். அதற்காகவே புதுச் சந்தாக்கள் வந்து குவிந்திருந்தன. மதியம் அப்பா, "நெஞ்சைப் பிசையுதுடா. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார்.

"இந்த ஒரு வண்டி போயிடட்டும்ப்பா."

"உன் வண்டிக்கு நான் கை காட்டணும். எனக்கு வண்டி யாருடா பிடிப்பா?"

நகைச்சுவை உணர்வு உள்ளவர். நானும் சிரித்தேன்.

வண்டி லேட். நேரத்துக்கு வந்திருந்தால் அப்பா இன்று இருந்திருப்பார். கேஸ் போடுவதென்றால் ரயில்வேக்காரர்கள் மேல்தான் போட வேண்டும். என் நேரலை ஒரு நாளும் தாமதமானதில்லை.

வண்டி முந்தின ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று ஒரு ரசிகர் எழுதினார். ஹார்னுக்காக மைக்கை ஆன் செய்துவிட்டுத் திரும்பினால் அப்பாவின் தலை சாய்ந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அழலாம் என்றுதான் நினைத்தேன். அழுதால் மைக்கில் விழும். வலது மணிக்கட்டில் நைலான் கயிற்றைக் கட்டி, துணி காயப்போடும் கம்பிக்கு மேலே விட்டு, அறைக்குள் நின்று இழுத்தேன். டிரைவர் அடித்தார் பாருங்கள் சார், அப்படியொரு ஹார்னை நான் கேட்டதில்லை. ரசிகர்கள் இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறை ஆட்டினேன்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கண் பொல்லாதது. எஞ்சினில் ஒரு போல்ட் மாறினாலும் கண்டுபிடிப்பார்கள். 'கைகாட்டி இன்னிக்கு ஏன் வலது கை?' என்று ஒருவர் எழுதினார். அக்கா அதைப் படித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள். இடது கை சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மதியத்திலிருந்தே அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அந்தக் கையைத் துண்டு போட்டு மூடியதே நான்தான். முனகல் கேட்காமலிருக்க மைக்கை அணைத்து வைத்ததும் நான்தான்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். அக்கா எங்கேயோ இருந்தாள். கடைசி மூச்சுவரை அப்பா பக்கத்திலேயே இருந்த பிள்ளை நான்.