பதினேழாம் எண் வில்லை பற்றி நான் இரண்டாம் முறை சொல்வது

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. எனக்கு வயது அறுபத்தேழு. தையல் கடைக்கு மேல் இருக்கும் முதல் மாடி வீட்டில் என் கணவரோடு குடியிருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்த காவலர்களிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. தவறு என்னுடையது. அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

ஆற்றுப் பாலத்தைப் பற்றி அலுவலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள்காட்டியிலும் பிஸ்கட் டப்பா மூடியிலும் அதன் படம் இருக்கிறது. ஆனாலும் கோபுரத்துக்குள் ஏறும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கிழக்குக் கோபுரத்தின் அடியில் ஒரு சிறிய அறை. சுவரில் ஒரு பலகை, பலகையில் நாற்பது கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. ஏறுகிறவர் ஆளுக்கு ஒரு வில்லை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இறங்கியதும் திருப்பி மாட்ட வேண்டும். ஏறியவர், இறங்கியவர் எண்ணிக்கையை ஒரு பதிவேட்டிலும் எழுதுவார்கள், வில்லை திரும்பி வந்தால்தான் இறங்கியவர் என்று கணக்கு. மேலே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள யாரும் மேலே போய்ப் பார்க்க வேண்டியதில்லை, காலிக் கொக்கிகளை எண்ணினால் போதும். வகுப்பில் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் சங்கு ஊதிப் பாலத்தை மூடிவிட்டு ஆளைத் தேட வேண்டும் என்பது விதி.

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்பு, நிழலை அளந்து உயரம் கண்டுபிடிக்கும் பாடத்துக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். நிழலும் உயரமும் சமமாக இருக்கும் நேரம் பார்த்துத் தரையில் நிழலை அளந்து, கோபுரத்தின் உயரம் நூற்று எழுபத்து நான்கு அடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தோளில் கம்பிச் சுருளோடு ஒருவர் கோபுர வாசலில் இருந்து வெளியே வந்தார். உச்சி விளக்குகளுக்கு பல்பு மாற்றுகிறவர். அவர் நின்று கேட்டுவிட்டு, "டீச்சர், பன்னிரண்டு அடி குறையுது. என் கம்பி நூத்தி எண்பத்தாறு அடி, மேல இருந்து கீழ வரைக்கும் சரியா தொங்குது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படம் போட்டுப் பார்த்தேன். நிழலைக் கோபுரத்தின் வெளிச்சுவரில் இருந்து அளந்திருக்கிறேன், உச்சிக்கு நேர் கீழே இருக்கும் நடுப்புள்ளியில் இருந்து அளந்திருக்க வேண்டும். கோபுரத்தின் பாதி அகலம் பன்னிரண்டு அடி. மறுநாள் மாலை அவரைத் தேடிப் போய், அவர் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவர் என்னை மேலே அழைத்துப் போனார். முந்நூற்றுப் பத்து படிகள். நான் பதினாறாம் எண் வில்லை எடுத்தேன், அவர் பதினேழு. அடுத்த வருடம் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அதே வில்லைகளோடு ஏறினோம். வயிற்றில் மகள் இருந்த வருடம்கூட, பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மகள் வளர்ந்த பிறகு இதைக் கேட்டு, "நான் பிறக்கறதுக்கு முன்னாடியே என்னைப் படியேற வெச்சிருக்கீங்க, அதான் எனக்கு லிஃப்ட் பிடிக்குது" என்றாள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு கணவருக்கு இடது முட்டி கெட்டுவிட்டது. தினம் மூன்று முறை அந்தக் கோபுரத்தில் ஏறி இறங்கியவர் அவர். அந்த வருடம் வாசலில் நின்று, நீ போய்விட்டு வா என்றார். நான் தனியாக ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அந்த வருடம் இருவருமே ஏறவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் அவர் அந்தச் சாலைப் பக்கமே வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் நான் ஏறுவது என்றும், அவர் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பது என்றும் முடிவு செய்தோம். நான் மேலே இருந்து மஞ்சள் குடையை ஆட்ட வேண்டும், அவர் கீழே இருந்து செய்தித்தாளை ஆட்டுவார். அப்போது நான் வில்லை அறையில் பணியில் இருந்தவரிடம், பதினேழாம் எண் வில்லையை இவர் கையில் வைத்திருக்கக் கொடுங்கள் தம்பி என்று கேட்டேன். அது விதிக்குப் புறம்பானது. அவர் தயங்கிவிட்டுக் கொடுத்தார். ஆறு வருடமாக அது நடந்து வந்தது. கேட்டது நான். அதற்கு நடவடிக்கை உண்டு என்றால் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆறு வருடமும் பதிவேட்டில் 'ஏறியவர்' என்ற கட்டத்தில் அந்த வில்லைக்காரத் தம்பி ஒன்று என்றுதான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இருவரும் பாலத்துக்குப் போனோம். நான் பதினாறை எடுத்துக்கொண்டேன், வில்லைக்காரத் தம்பி பதினேழைக் கணவர் கையில் கொடுத்தார். தொண்ணூறாவது படிக்கு மேல் இருக்கும் திருப்பத்தில் ஒரு பெயிண்டர் கைப்பிடிக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கம்பியைத் தொடாதீர்கள் என்றார், நான் சுவர்ப் பக்கமாக ஏறினேன். அதன் பிறகு உச்சிக்குப் போய்க் குடையை ஆட்டினேன். பெஞ்ச் காலியாக இருந்தது. செய்தித்தாள் மட்டும் காற்றில் பறக்காமல் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. காப்பி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை ஆட்டினேன். அரை மணி நேரம் பொறுத்து இறங்கி வந்தேன். என் வில்லையைக் கொடுத்தபோது, சார் முட்டி வலி என்றார், பஸ் ஏற்றிவிட்டேன் என்று தம்பி சொன்னார். பதினேழு எங்கே என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் அந்த நேரத்தில் நினைவு இல்லை. நாலரை மணிக்கு அவர் வேலை முடிந்து போனார். அடுத்து வந்தவர் ஆறு மணிக்குப் பலகையையும் பதிவேட்டையும் பார்த்தார். ஏறியவர் இரண்டு, இறங்கியவர் ஒன்று, ஒரு கொக்கி காலி. விதிப்படி அவர் சங்கு ஊதினார். பாலம் ஒரு மணி நாற்பது நிமிடம் மூடப்பட்டு, இரண்டு படகுகள் ஆற்றில் தேடின.

அதற்கிடையில், ஏழரை மணிக்கு இரண்டு காவலர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தவர் என் கணவர். அவரைத் தாண்டி உள்ளே வந்த மூத்த காவலர் மிகவும் மெதுவான குரலில் என்னிடம், "அம்மா, பதறாம சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரோட ஏறினீங்க. தனியா இறங்கி வந்திருக்கீங்க. அவர் எங்க?" என்று கேட்டார். "உங்களுக்குக் கதவைத் திறந்தது யாருன்னு நினைச்சீங்க?" என்றேன். வில்லை கணவரின் சட்டைப் பையில் இருந்தது.

காவலர் அவரிடம் நீங்கள் ஏறினீர்களா என்று கேட்டார். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, இல்லை, பெஞ்சில்தான் இருந்தேன் என்றார். அப்படியானால் பதிவேட்டில் இரண்டு என்று இருப்பது எப்படி என்று காவலர் கேட்டார். அந்த இடத்தில் நான் குறுக்கே பேசினேன். இத்தனை வருடப் பழக்கத்தில் தம்பி தவறாக எழுதியிருப்பார் என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்காத கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. என் முதல் வாக்குமூலத்தின் பதினோராவது வரி.

அந்த ஒரு வரியால், வில்லையை வெளியே கொடுத்துவிட்டு அதை மறைக்கப் பதிவேட்டில் பொய் எழுதினார் என்று தம்பியை வேலையில் இருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. விசாரணையில் அவர், "சார் என்ன சொல்றாரோ அப்படியே எழுதிக்குங்க" என்று என் கணவரைக் குறித்து ஒரே பதில் சொன்னதாக அறிந்தேன்.

வியாழக்கிழமை அவருக்காகப் பேச இந்த நிலையத்துக்கு வந்தபோது, அலுவலர் எனக்குப் பதிவேட்டைக் காட்டினார். அதில் முதலில் ஒன்று என்று எழுதி, அதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டிருந்தது. அடித்ததும் படிக்கும்படி இருந்தது. என் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் திருத்தச் சொல்லிக்கொடுப்பேன். அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கண்ணில் அதுவே நின்றது. பழக்கத்தில் தவறு செய்கிற மாணவன் முதல் தடவையே தவறாக எழுதுவான். சரியாக ஒன்று என்று எழுதியவர் அதை இரண்டாக்கினார் என்றால், நடுவில் எதையோ கண்ணால் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, துவைக்கப் போட்டிருந்த கணவரின் சட்டையை எடுத்தேன். வலது கை மடிப்பில் பச்சை வண்ணம் இருந்தது. செவ்வாய்க்கிழமையே அதைக் கண்டு பெஞ்சில் ஒட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கல் பெஞ்சுக்கு யார் வண்ணம் அடிப்பார்கள்?

அதன் பிறகு வெள்ளிக்கிழமை பாலத்துக்குப் போய்ப் பெயிண்டரைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை எனக்குப் பிறகு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒருத்தர் வந்து ஈரக் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுட்டாரு. கண்ணு தெரியலையான்னு கத்திட்டேன். அப்புறம் பாத்தா நம்ம பழைய லைட்டுக்காரரு. கால் நடுங்குது. விட்டா விழுந்துடுவாரு. நான்தான் கீழ குரல் கொடுத்தேன், வில்லைக்காரர் ஓடி வந்து பிடிச்சு இறக்கினாரு. என்கிட்ட இதையெல்லாம் யாரும் கேக்கலையே."

வீட்டுக்கு வந்து சட்டையைச் சமையலறை மேசை மேல் விரித்து வைத்தேன். கணவர் அதைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வகுப்பில் இருந்த நாளிலும் நான் கேட்காமல் காத்திருந்தால்தான் பிள்ளைகள் சொல்வார்கள்.

"மேல வந்து பக்கத்துல நிக்கலாம்னு பாத்தேன்" என்றார். "நீ குடையை எடுக்கறதுக்குள்ள வந்துடணும்னு இருந்தேன். தொண்ணூத்தி மூணுல முட்டி முடியாதுன்னுடுச்சு."

அதை என்னிடம் சொல்வதில் என்ன வந்தது என்று கேட்டேன்.

"சொன்னா நீ அடுத்த வருஷம் ஏற மாட்டே. கீழ என் பக்கத்துல உக்காந்துக்குவே. அப்புறம் நான் யாரைப் பாக்கறது?"

தம்பியிடமும், டீச்சரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். தம்பி சொல்லவில்லை. இங்கே கேட்டபோதும், வேலை போகும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. அவர் வாயை மூடியது என் கணவரின் வேண்டுகோள், அவரைப் பொய்யர் ஆக்கியது என் வரி. மூன்று நாள் தம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டும் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன். தூங்கவில்லை என்றார். அது உண்மை. அவர் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்ததை நானே பார்த்தேன், முட்டி வலி என்று நினைத்தேன்.

பதிவேட்டில் 'ஏறியவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை படி ஏறினார் என்று கேட்கும் கட்டம் இல்லை. வில்லையோடு வாசலைத் தாண்டிப் படியில் கால் வைத்தவர் ஏறியவர். செவ்வாய்க்கிழமை ஏறியவர்கள் இரண்டு பேர். தம்பி தன் கண்ணால் பார்த்ததைச் சரியாக எழுதியிருக்கிறார். பழக்கத்தால் தவறாக எழுதியிருப்பார் என்று என் முதல் வாக்குமூலத்தில் உள்ள பதினோராவது வரியை ஒரே கோட்டால் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடித்ததும் படிக்கும்படி இருக்கட்டும்.

சட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்ததும் துவைக்காமல் திருப்பித் தர வேண்டும். என் கணவர் இப்போது வெளியே மர பெஞ்சில், தன் வாக்குமூலத்தைச் சொல்லக் காத்திருக்கிறார். நிலைய வாசலில் இருக்கும் ஒன்பது படிகளையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அடுத்த வருடமும் நான் ஏறுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். வழக்குக்குத் தொடர்பு இல்லை என்று அலுவலர் சொன்னார். பிறகு எழுதிக்கொண்டார்.

இதுவரை எழுதியது அனைத்தும் நான் சொன்னது, என் மனம் அறிந்த வரை உண்மை. அலுவலர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் 'கணவர் சில படிகள் ஏறினார்' என்று இருந்தது. அதை ஒரே கோட்டால் அடித்து, 'தொண்ணூற்று மூன்று படிகள்' என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)