பேஷ்ஆர்சியில கை வச்சது யாரு

...இல்லீங்க, நான் தெரியாமத்தான் கேக்குறேன், நாலு வருஷமா இந்தத் தண்ணி சோதிக்கிற லேப்ல இதே நாற்காலியில உக்காந்து தட்டுறவளை, கட்டளை அடிக்கிற ஒரு டெர்மினல் யாருன்னு கேக்கலாமா? ‘டபிள்யூ ஆர்’னு ரெண்டே எழுத்து அடிப்பேன். அன்னிக்கு சோதிச்ச தண்ணி ரிப்போர்ட் பூரா வந்து வரிசையா நிக்கும். நானே எழுதுன சுருக்குக் கட்டளை! போன மாசம் எல்லாரு மெஷினையும் லினக்ஸுக்கு மாத்துனாங்க. இப்ப அடிச்சா ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, அப்படி ஒரு கட்டளையே இல்லையாம். ரொம்ப நன்றி!

இதுல கூத்து என்னன்னா, வீட்டுல இருந்து இதே மெஷினுக்குள்ள லாகின் பண்ணா வேலை செய்யுது. இங்க நேர்ல வந்து ஸ்கிரீன்ல அந்த டெர்மினல் ஜன்னலைத் தொறந்தா செய்யாது. வீட்டுக்காரர் சொல்றாரு, “அதுக்கும் உன் மூஞ்சியைப் பாத்தா பயமோ என்னமோ.” அவருக்கென்ன, பேசுவாரு.

நீங்க நேத்துதான் சேந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. சிஸ்டம் பாக்க ஒருத்தர் இருந்தாரு. நாங்க ஊமைக்கோட்டான்னு கூப்பிடுவோம். திங்கக்கெழம கூப்பிட்டேன். வந்தாரு, பாத்தாரு. “மேடம், லாகின் பண்ணா படிக்கிற பைல் வேற, ஜன்னல் தொறந்தா படிக்கிற பைல் வேற. நீங்க எழுதுனது புரொஃபைல்ங்கிற பைல்ல. இந்த ஜன்னல் பேஷ்ஆர்சிங்கிற பைலைத்தான் படிக்கும்”னாரு. வருஷம் பூரா பேசாத மனுஷன், என்கிட்ட மட்டும் பாடம் நடத்துறாரு! என் வரிகளை அதுல சேத்தாரு. வேலை செஞ்சுது. சரி, செஞ்சுது. நான் இல்லைன்னா சொன்னேன்?

செவ்வாக்கெழம காலையில மறுபடி நாட் ஃபவுண்ட்! அன்னிக்குப் பாத்து ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணி ரிப்போர்ட்டு அவசரம். மூணு மணி நேரம் லேட்டு. மேனேஜர் கத்துறாரு. நான் சும்மா இருப்பேனா? “என் பைல்ல அவருதான் சார் கை வச்சாரு, கெடுத்து வச்சுட்டாரு”ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அந்த மனுஷனோட பாஸ்வேர்டைப் புடுங்கி, அண்டர்கிரவுண்ட் ஸ்டோருக்கு அனுப்பிட்டாங்க. பழைய மானிட்டர் தொடைக்கிறாராம்.

என்ன, மணி பாக்குறீங்க? இருங்க, முக்கியமான எடமே இப்பத்தான்.

இன்னிக்குக் காலையில, சாட்சியோட புகார் எழுதிக் குடுப்போம்னு அந்த பேஷ்ஆர்சி பைலைத் தேடி எடுத்தேன். கடைசியா மாத்துன நேரம்னு ஒண்ணு காட்டுதுங்க. திங்கள், சாயங்காலம் அஞ்சு நாப்பது. அவரு அஞ்சுக்கே கெளம்பிடுவாரு. அஞ்சு நாப்பதுக்கு இந்த ரூம்ல யாரு இருந்தா? ...நான்தான். என் பெண்டிரைவ்ல பழைய பைலெல்லாம் பத்திரமா வச்சிருந்தேன். அவரு எதையாவது கெடுத்திருப்பாரோன்னு, நான்தான் போறப்ப எல்லாத்தையும் மொத்தமா அது மேல காப்பி பண்ணிட்டுப் போனேன். ‘அழிச்சு எழுதவா?’ன்னு கேட்டுச்சுங்க. கேட்டுச்சு! படிச்சே பாக்காம ஆமான்னு அழுத்துனது இந்த மகாமேதை. பழைய பேஷ்ஆர்சி புதுசு மேல ஏறிடுச்சு, அவரு சேத்த வரியெல்லாம் போச்சு.

மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். “எல்லார் முன்னாடியும்தானே பழி போட்டீங்க, எல்லாரையும் கூட்டிட்டுப் போய் அவர்கிட்ட சொல்லுங்க”ங்குறாரு. நியாயந்தான். அஞ்சு மாடி எறங்கணும். லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது, எனக்குத்தான் கால் ஓடல.

எல்லாரையும் கூட்டுறதுக்கு முன்னாடி, ஒரு தொணைக்கு நீங்களாவது மொதல்ல கீழ வந்தீங்கன்னா... ஏங்க? பையை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? ஏங்க!

...போயாச்சு. சரி. மொதல்ல தனியாவே போறேன்.