பூசணிப்பூ வச்ச வாசல்

— தொடாத சார், தொடாத! ஐயய்ய... தொட்டே புட்டியா?

— என்னக்கா, பூ சாஞ்சு கெடந்துச்சு, நிமித்தி வச்சேன். மார்கழிக் கோலம், நடுவுல சாணி உருண்டை, அது மேல பூசணிப்பூ. எங்க திருநெல்வேலிப் பக்கம் மாதிரியே இருக்கேன்னு பாத்தேன்.

— சாணியா? கைய மோந்து பாரு.

— அட கண்றாவியே! என்ன தெய்வநாயகியக்கா இது?

— உன் பிரின்ஸு போட்டது. பீச்சுக்குப் போவும்போது போட்டுட்டுப் போச்சு, நீ திரும்பி வர்றதுக்குள்ள பூ வச்சேன். சிரிப்ப அடக்க முடியல சார். இரு, தண்ணி ஊத்தறேன், கைய நீட்டு.

— நாய்ப்பீயில போயா பூ வைப்பீக? சாமிக்குள்ள பூவுலா!

— கோலம் போடற வாசல்ல இத வைக்கலாமா? தெனம் இருட்டுல கோலம் போடக் குந்துனா என் கை நேரா இதுலதான் போவுது. திரும்பியும் தலைக்கு ஊத்திகினு, அப்புறம் மீன் கூடைய தூக்கிகினு மார்க்கெட்டுக்கு ஓடணும். இன்னிக்கி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அதச் சுத்தியே கோலத்த போட்டேன். நல்லா தேய்ச்சுக் கழுவு.

— தெருவுல எத்தனை நாய் திரியுது. எங்க பிரின்ஸுதான்னு எப்படிச் சொல்லுதீக?

— ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதான கீறேன்! அது குந்துனா போதும், நீ வானத்த பாத்துகினு நிக்கற. அங்க இன்னா ராக்கெட்டா வுடறாங்கோ? உன் வூட்டு கேட்டாண்ட குந்த வுடுவியா?

— அங்க... அதட்டிருவேன்.

— பாத்தியா.

— சரிக்கா, தப்பு என் மேலதான். ஆனா ஒரு உபகாரம் பண்ணணும். சாயங்காலம் பார்க்குல தெருக்கூட்டம் இருக்குலா? பிரின்ஸ அச்சரப்பாக்கத்துல யார் தோப்புலயாவது விட்டுரணும்னு நம்ம தெரு பாலசுப்ரமணியன் சார் ஒத்தக்கால்ல நிக்காரு. நீங்களும் ஆமான்னுட்டா முடிஞ்சிரும்.

— சொல்லாம இன்னா பண்றது? என் பேத்தி பார்க்குல சறுக்குமரத்துலேந்து எறங்கி, நேரா அதுலதான் வுழுந்துது. புதுப் பாவாட சார்.

— எங்க மக சுவேதாவக் கட்டிக் குடுத்த பொறவு வீடே வெறிச்சுன்னு கெடக்கு. நான் ஆபீஸ் பஸ்ஸுல வந்து எறங்குனா ஓடி வாரது இது ஒண்ணுதான்க்கா. இது இல்லாம என்னால இருக்க முடியாது.

— இன்னா சார், காலங்காத்தால கண்ணு கலங்கினு... தோ, அதுவும் உன் மூஞ்சியவே பாக்குது. நாய் இன்னா பண்ணும்? வந்தா குந்தும். அள்ள வேண்டியது சங்கிலி புடிக்கிற கையி.

— அள்ளுதேன். இந்தா, இதையே மொதல்ல அள்ளுதேன். கூட்டத்துலயும் எந்திச்சுச் சொல்லுதேன். பார்க் மூலையில நானே குழி வெட்டுதேன், நாய் வச்சிருக்கவுக எல்லாரும் அதுல கொண்டு போய் மூடணும்னு.

— நீ அப்டிச் சொன்னா நானும் எழுந்து நிப்பேன் சார். பிரின்ஸு இங்கியே இருக்கட்டும்னு கத்திச் சொல்றேன். என் கொரலு மார்க்கெட்டுல பழகுன கொரலு, எவனும் மேல பேச முடியாது.

— நல்லா இருப்பீக. ஆனா எங்க வீட்டுக்காரி சங்கரி காதுக்கு மட்டும் இது போயிரக் கூடாது. 'பேப்பர் கொண்டு போங்க, கரண்டி கொண்டு போங்க'ன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. ஒரு ஆபீசர் கரண்டியத் தூக்கிட்டு நாய் பின்னால அலையணுமான்னு எரிஞ்சு விழுந்துட்டேன். இன்னைக்குக் கை வச்ச கதை தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.

— அது போவட்டும். நம்ம தெருவுல பூசணிக்கொடி யார் வூட்டுல சார் கீது?

— எங்க வீட்டு மதில்ல மட்டுந்தான்... ஏன் கேக்கீக?

— நீ பீச்சுக்குப் போன ஒடனே அந்தப் பூவ பறிச்சுகினு வந்ததே சங்கரியம்மாதான். இந்தா, கரண்டியும் பழைய பேப்பரும். நீயா வாயத் தொறந்து அள்ளுதேன்னு சொன்னா மட்டும் குடுக்கச் சொன்னாங்க.