சோப்பப் பத்தின்னா எங்கம்மாவக் கேளுங்க

திரும்ப ஒரு தடவ சொல்லுங்க தம்பி. சோப்பப் பத்தின்னா எங்கம்மாவக் கேளுங்க, அப்படியேவா சொன்னான்? சிரிச்சுக்கிட்டே சொன்னானா, சும்மா சொன்னானா? ஞாபகமில்லையா. என்ன படிச்ச பிள்ளையோ போங்க. ஊர் ஊராப் போயி சனங்க வாயில இருந்து வார்த்தை பொறுக்குறீங்க, எம்மகன் வெர்லின் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா தெரியலங்கிறீங்க. முப்பத்துமூணு வருஷமாச்சு தம்பி, அவன் இந்த வாசல மிதிச்சு. பதினாறு வயசுல ஓஹையோவுக்கு பஸ் ஏறினவன். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடக் கிடையாது. இப்ப உங்கள அனுப்பி வச்சிருக்கான். எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

சரி, உக்காருங்க. நாயி ஒண்ணும் பண்ணாது. பேச்சப் புடிக்கிற அந்த மெஷின் ஓடுதா? சக்கரம் சுத்துது, அப்ப ஓடுதுதான். கேளுங்க.

சோப்புன்னா என்னவா? இதக் கேக்கவா இவ்வளவு தூரம் கென்டக்கி மலை ஏறி வந்தீங்க? பன்னிக் கொழுப்பு, சாம்பல்ல இறக்கின காரத் தண்ணி, நெருப்பு, அப்புறம் ஒரு பொம்பளையோட தோள்பட்டை. அவ்வளவுதான் சோப்பு. கடையில தாளு சுத்தி விக்கிறான் பாருங்க, அதுக்கும் அதே பேருதான். அது வாசனை, வேற ஒண்ணுமில்ல.

வேற எப்படியெல்லாம் சொல்லுவோமா? ஒருத்தன் காரியம் ஆகணும்னு உங்கள ஆகா ஓகோன்னு புகழ்ந்தா சோப்பு போடுறான்னு சொல்லுவோம். எங்க மச்சினன் எலெக்‌ஷனுக்கு நின்னப்ப ஊர் முழுக்க அதத்தான் போட்டான், அப்பவும் தோத்தான். ஏதாவது கேட்டு நடக்கலன்னா, சோப்பில்லன்னு கையை விரிப்போம். அது ஏன்னு என்னைக் கேக்காதீங்க, சொல்லுவோம், அவ்வளவுதான். அப்புறம் ரேடியோவுல மத்தியானம் அழுது வடியுமே, அந்த நாடகம். சோப்புக் கம்பெனிக்காரன் செலவுல வர்றதால அதுக்கும் சோப்புன்னு பேரு. நான் கேக்கறதில்ல. அதுல எப்பப் பாத்தாலும் எவளாவது ஒரு உண்மைய மறைச்சு வச்சுக்கிட்டுத் திரியிறா.

உங்களுக்கு அந்தப் பேரு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா? ம். ஓகோ. ரோமாபுரிப் பக்கம் மலையில ஆட்டைப் பலி குடுத்து, கொழுப்பும் சாம்பலும் மழையில ஆத்துக்கு இறங்கி, அதுல துணி தொவச்சவளுங்களுக்கு அழுக்கு போச்சாமா? நல்லா இருக்கே. கட்டுக்கதையா? பின்ன நெசம் என்ன? தலைமுடிக்குப் பூசுற ஏதோ சாயத்துக்குத்தான் மொதல்ல அந்தப் பேரா. அது எனக்குப் பிடிக்கல தம்பி. பலி குடுத்த கதையே இருக்கட்டும். ஆடுங்கிறதுதான் கொஞ்சம் இடிக்குது, மத்தபடி நம்புற மாதிரிதான் இருக்கு.

செய்யிற விதமா? வெளியில இரும்புக் கொப்பரை. காரத் தண்ணியில முட்டையப் போட்டா மிதக்கணும், அப்பத்தான் பதம். வளர்பிறையிலதான் காய்ச்சணும். துடுப்பு போட்டுக் கிண்டுறது ஒரே ஆளா இருக்கணும், ஒரே பக்கமாச் சுத்தணும். நடுவுல கை மாத்தினாலோ விட்டுட்டுப் போனாலோ இறுகாது. கொழுப்பு தனி, தண்ணி தனின்னு நிக்கும். சிரிக்காதீங்க. எங்கம்மா அப்படித்தான் செஞ்சா, இந்த மலையில எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம். ஒரு வருஷம் வெர்லின் ஓடி வந்து, பாப்பா கெணத்துல விழுந்துட்டான்னான். துடுப்பப் போட்டுட்டு ஓடினேன். பாப்பா கோழிக்கூண்டுக்குப் பின்னாடி மண்ணு தின்னுக்கிட்டு இருந்துச்சு. இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கொப்பரை மொத்தமும் வீணாப்போச்சு. அந்தக் குளிர்காலம் பூரா பக்கத்து வீட்டு அம்மாகிட்டப் போயி சோப்புக்கு நின்னேன். வெக்கமா இருந்துச்சு.

ஆமா, பாப்பா. ரூபி. வெர்லினுக்கு அப்புறம் பொறந்தவ. இல்ல, ஓஹையோவுல இல்ல. நீங்க அடுத்த கேள்வி கேளுங்க.

கெட்ட வார்த்தை பேசுற பிள்ளைக்கு என்ன பண்ணுவீங்களா? இதையுமா எழுதி வச்சிருக்கீங்க? இத அவன்கிட்டயும் கேட்டீங்களா?

இதுக்குத்தான் அப்படிச் சொன்னானா.

இல்ல, மெஷின நிறுத்த வேணாம். ஓடட்டும். கெட்ட வார்த்தை பேசினா, இல்ல பொய் சொன்னா, வாயில சோப்பு வைப்போம். எல்லா வீட்டுலயும் உண்டு. பல்லால கடிச்சுக்கிட்டு நிக்கணும். அம்மா எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. உங்கம்மாவும் வச்சிருக்காங்களா? பாத்தீங்களா. அது வாசனை சோப்பா இருந்திருக்கும். எங்களது காரம், நாக்கு வெந்து போகும்.

அன்னிக்கு மார்ச் மாசம், குட்டையில ஐஸ் இளகிக்கிட்டு இருந்த சமயம். வெர்லினுக்கு எட்டு வயசு, ரூபிக்கு நாலு. பாத்துக்கடான்னு சொல்லிட்டு நான் கொப்பரைக்கிட்ட நின்னேன். சோப்பு அப்பத்தான் கெட்டியாக ஆரம்பிச்சுது. ஓடி வந்தான். அம்மா, பாப்பா குட்டையில விழுந்துட்டா, ஐஸு உடைஞ்சு போச்சுன்னான்.

நான் துடுப்ப விடல தம்பி. வலது கையி சுத்திக்கிட்டே இருந்துச்சு. இடது கையால இடுப்புல கட்டியிருந்த மேல்துணிப் பையில கெடந்த பழைய சோப்புக் கட்டிய எடுத்து அவன் வாயில திணிச்சேன். நில்லு இங்கன்னேன். அவன் அதைக் கடிச்சுக்கிட்டே என்னமோ சொல்லப் பாத்தான், நுரைதான் வந்துச்சு. குட்டைப் பக்கம் கையக் காட்டினான். கைய இறக்குடான்னேன். இறக்கிட்டான். அப்புறம் நின்னான். சோப்பு எறங்குற வரைக்கும், அரை மணி நேரம், சொன்னபடி நின்னான். அன்னிக்கு ஒருநாளாவது அவன் என் பேச்சக் கேக்காம ஓடியிருக்கக் கூடாதா?

அந்தக் கொப்பரை நல்லா இறுகிச்சு. அவ்வளவு நல்ல சோப்பு அதுக்கு முன்னாடி நான் காய்ச்சினதே இல்ல. அதுக்கப்புறம் காய்ச்சவும் இல்ல. இன்னைக்கும் யாராவது வாய் கொப்பளிச்சா நான் எந்திரிச்சு வெளியில போயிடுவேன். அந்தச் சத்தத்துல அவன் என்ன சொல்லப் பாத்தான்னு எனக்குப் புரியிற மாதிரியே இருக்கும்.

இத நான் யாருக்கும் சொன்னதில்ல. பாதிரியாருக்கும் சொன்னதில்ல. அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் போவீங்கல்ல? போறப்ப இந்தச் சுருள அவன்கிட்டப் போட்டுக் காட்டுங்க. பாதியில எந்திரிச்சாலும் விடாதீங்க, கடைசி வரைக்கும் கேக்கச் சொல்லுங்க. ஏன்னா மீதியும் ஒண்ணு இருக்கு.

சாயங்காலம் அவங்கப்பா ஹார்லன் குட்டையில இருந்து அவளத் தூக்கிக்கிட்டு வந்தாரு. சர்ச்சு ஆளுங்க எல்லாம் வாசல்ல நின்னாங்க. அவளக் கீழ கெடத்திட்டு, வெர்லின் சட்டையப் புடிச்சு, ஏண்டா ஓடி வந்து அம்மாகிட்டச் சொல்லலன்னு கேட்டாரு. அவன் உதடெல்லாம் வெந்து பொத்துப் போயிருந்துச்சு. அவருக்குப் பதில் சொல்லல, என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நான் சொல்லுவேன்னுதான் பாத்தான். எனக்கு பயம் தம்பி. இந்த மனுசன் என்னைக் கொன்னுடுவாருன்னு பயம். அப்புறம் ஊரு முன்னாடி வேற. அவரு சாகுற வரைக்கும் அந்தப் பிள்ளைகூட ஒரு வார்த்தை பேசல. அவன் எந்தப் பக்கம் போனாலும், தங்கச்சியத் தண்ணிக்கு விட்டுட்டு வேடிக்கை பாத்த பயன்னாங்க. அத்தனையும் கேட்டுக்கிட்டு எட்டு வருஷம் இந்த வீட்டுலதான் இருந்தான். ஒருநாளும் வாயத் தொறக்கல.

அன்னிக்கு ஹார்லன் என் பக்கம் திரும்பி, என் பேரச் சொல்லிக் கேட்டாரு, ஓர்ஃபா, இவன் வந்து சொன்னானான்னு. இல்லீங்க, ஒண்ணுமே சொல்லலன்னு சொன்னேன்.