மூன்றாம் அறையின் தூப மூடி

மேடையில் வீற்றிருக்கும் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உடன் பணியாற்றும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன், தச்சன். சிலைகளுக்கும் பாண்டங்களுக்கும் பீடம் செய்கிறவன். நம் காப்பாட்சியர் அம்மையார், நம் எல்லோருக்கும் 'சீட்டக்கா', போய்விட்டார். இங்குள்ள விளக்கச் சீட்டுகளை இருபத்தாறு ஆண்டுகள் தம் கையால் எழுதியவர். ஒரு சொல்லுக்காக என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்!

மூன்றாம் அறையில் பழங்கால வழிபாட்டு மண்பாண்டம் ஒன்று. படையல் கிண்ணம் என்று நினைத்து, அதன் அடிக்குப் பொருந்தப் பீடம் குடைந்து நிறுத்தினேன். பதினோரு ஆண்டுகள் அப்படியே நின்றது. ஒருநாள் பானை செய்யும் அம்மா ஒருவர் காட்சிப் பெட்டியின் கண்ணாடியைத் தட்டினார்.

"இது கிண்ணம் இல்லீங்க, தூபத்துக்கு மூடி. கவுத்து வெக்கணும். அடின்னு நெனச்சீங்களே, அது பிடி ஒடஞ்ச தழும்பு. உள்ள பாருங்க, புகை அப்பியிருக்கு!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அக்காவோ பெட்டியைத் திறந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த அம்மாவைத் தம் நாற்காலியில் உட்காரவைத்துச் சீட்டு எழுதினார்: "இதைப் பதினோரு ஆண்டுகள் தலைகீழாக வைத்திருந்தோம். பானை செய்யும் ஒருவர் திருத்தினார்."

"அக்கா, மானம் போகுது. சத்தமில்லாம திருப்பி வெச்சிடலாம்" என்றேன்.

"போனா போகட்டும்ப்பா. நாளைக்கு இன்னொருத்தங்க கண்ணாடியத் தட்ட வேணாமா?"

தட்ட வேண்டாமா? அதன்பின் எத்தனை பேர் தட்டினார்கள்! நெசவாளி தட்டினார், கொல்லர் தட்டினார், கோயில் மணி அடிக்கிறவர் தட்டினார். ஒவ்வொரு முறையும் சீட்டைத் திருத்தினார் அக்கா. அறிஞர் என்றால் அவரல்லவா அறிஞர்!

அந்தச் சீட்டு இன்று மூன்றாம் அறையில் இல்லை. வெள்ளிக்கிழமை புதிய கண்காட்சி திறக்கிறது. "பெரிய மனுஷங்க வர்ற எடத்துல இது எதுக்கு?" என்றார் தலைவர். அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். அக்கா இறந்த மூன்றாம் நாள் அதைக் கழற்றியது இந்தக் கை. உள்ளூர எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, தோழர்களே!

இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது அந்தச் சீட்டு. திருத்திய பானைக்கார அம்மாவை மறக்காமல் குறித்த அக்கா, பீடம் செய்தவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நேற்று நானே அடியில் ஒரு வரி எழுதினேன்: "தலைகீழாக நிறுத்தியவன் தச்சன்."

கூட்டம் முடிந்ததும் அதே இடத்தில், அதே இரண்டு திருகாணிகளில் இதை மாட்டுவேன். யார் வந்து கண்ணாடியைத் தட்டினாலும் பெட்டியைத் திறப்பேன். தலைவர் அவர்களே, எடுப்பதென்றால் வேலையிலிருந்து என்னை எடுங்கள். சீட்டில் கை வைக்காதீர்கள்.

அக்கா மகளே, அம்மாவின் டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு வாம்மா. திருகாணி நேராக இறங்க வெளிச்சம் வேண்டும்.